கன்னத்தின் உட்புறம்

நான்காவது டாக்டரும் அதே இடத்தில் வந்து நின்றபோது பாலகுரு வாயை மூடிக்கொண்டார். உள்ளே இருந்த சிறு கண்ணாடி பல்லில் பட்டு டிக்கென்றது. ஷம்சியா கையை இழுத்துக்கொண்டாள். பிளாஸ்டிக் நாற்காலியில் தலை சாய்த்துக் கிடந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்து, இடது கன்னத்தை உள்ளங்கையால் பொத்தியபடி அவளையே பார்த்தார். நாற்பதைத் தாண்டிய, வெயிலில் காய்ந்து இறுகிய முகம். கிடங்கில் சரக்கு ஏற்றி இறக்குகிறவர். விடுமுறை நாளில் டாக்டர்கள் வருகிறார்கள் என்று துவைத்த சட்டையாகத் தேடிப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

வளைகுடா நாட்டில், ஜெபல் அலித் துறைமுகத்துக்குப் பின்னால் இருந்த அந்தத் தொழிலாளர் முகாமின் பொழுதுபோக்கு அறை அது. கேரம் பலகைகளைச் சுவரோரம் சாய்த்துவிட்டு நான்கு நாற்காலிகளும் நான்கு விளக்குகளும் போட்டிருந்தார்கள். பல் மருத்துவம் முடித்து, சில வருடம் கிளினிக்குகளில் வேலை பார்த்து, அதற்குமேல் பல் பொதுச் சுகாதாரத்தில் மேற்படிப்புக்கு வந்திருந்த நால்வருக்கு அன்று பயிற்சி. அடுத்த ஞாயிற்றுக்கிழமை முகாம் முழுவதையும் பரிசோதிக்கப் போகிறார்கள். அதற்கு முன்னால் நான்கு பேர் கண்ணும் ஒரே கண்ணாக வேண்டும். ஒருவர் சொத்தை என்பதை இன்னொருவர் கறை என்று சொன்னால் கணக்கெடுப்பே குப்பை. ஆகவே ஒரே ஆளின் வாயை நால்வரும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும், கண்டதை எண்ணாக மட்டும் சொல்ல வேண்டும், பக்கத்தில் நிற்பவர் குறித்துக்கொள்வார். ஒருவர் கண்டது அடுத்தவருக்குத் தெரியக்கூடாது. நாற்காலியில் இருப்பவரிடமும் அதைப் பற்றி வாய் திறக்கக்கூடாது. எல்லாம் முடிந்தபிறகு, தேவைப்படுகிறவர்களைப் பேராசிரியரே தனியாகக் கூப்பிட்டுப் பேசுவார். இதுதான் விதி. ஷம்சியா இந்த விதியைப் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவள்.

“மேடம், நீங்க தமிழ்தானே,” என்றார் பாலகுரு. நல்லாத் தொறங்கண்ணே என்று சற்றுமுன் அவள்தான் சொல்லியிருந்தாள்.

அவள் தலையசைத்தாள்.

“நாலு பேரும் வந்து அங்கயே நிக்கிறீங்க. அங்க என்ன இருக்கு?”

அங்கே என்ன இருந்தது என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. கடைவாய்ப் பற்களுக்கு எதிரே, கன்னத்தின் உட்புறத்தில், வருடக்கணக்காகப் புகையிலைப் பாக்கை அடக்கிவைத்த இடத்தில் வெள்ளையாக ஒரு படை. நடுவில் வெல்வெட்டைப் போலச் சிவப்பு. கையுறை விரலால் தொட்டபோது ஓரம் தடித்து, சதை தன் இளக்கத்தை இழந்திருந்தது. அவளுக்கு முன்னால் பார்த்த ரிஷி, மும்பைக்காரன், எப்போதும் எதையாவது சொல்லிச் சிரிக்க வைக்கிறவன், இந்த நாற்காலியை விட்டு எழுந்தபோது அவள் முகத்தைப் பார்க்காமல் கடந்துபோயிருந்தான். ஒண்ணுமில்லண்ணே என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எண்ணைச் சொல்லியிருந்தால் போதும். அப்படித்தான் சொல்லப்போகிறோம் என்று அவளே நினைத்தாள். ஆனால் அந்த மனிதர் கன்னத்திலிருந்து கையை எடுக்கவில்லை. ஒரு பக்கத்தை மட்டும் ஒளித்துவைக்கப் பார்க்கும் அந்தக் கை அவளை என்னவோ செய்தது.

“அது நல்லா இல்லண்ணே. சதையில கொஞ்சம் எடுத்து டெஸ்ட் பண்ணிப் பாக்கணும். தள்ளிப்போடாதீங்க.”

“கேன்சரா?”

சாதாரணமாகத்தான் கேட்டார், பஸ் வந்துவிட்டதா என்று கேட்பதைப்போல. ஆனால் சுவரோர பெஞ்சில் முறைக்காகக் காத்திருந்தவர்களில் நேபாளிகள் இருந்தார்கள், வங்காளிகள் இருந்தார்கள், பீகாரிகளும் தெலுங்கர்களும் இருந்தார்கள். தமிழ் தெரியாத அத்தனை பேருக்கும் அந்த ஒரு சொல் தெரிந்திருந்தது. டெஸ்ட் செய்தால்தான் தெரியும் என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் கடைசியில் இருந்த ஒருவர் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார். அவர் போவதைப் பார்த்து இன்னொருவர். யாரும் அவசரப்படவில்லை, யாரும் எதுவும் கேட்கவில்லை. தேநீர் குடிக்கப் போகிறவர்களைப்போல ஒவ்வொருவராக வெளியே போனார்கள். பாலகுருவும் எழுந்தார். அவள் தன் கைபேசி எண்ணை ஒரு துண்டுத்தாளில் எழுதி நீட்டியபோது வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல் நடந்தார். நான்கு விளக்குகள் காலி நாற்காலிகளின்மேல் எரிந்துகொண்டிருந்தன.

பேராசிரியர் ஈசா வேனின் நிழலில் நின்று அவளுக்காகக் காத்திருந்தார். சூடான்காரர், நெடுநெடுவென்று உயரம். பாலைவனக் கிராமங்களிலும் அகதி முகாம்களிலும் வாய்களைச் சோதித்தே தலை நரைத்தவர். அவர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை, அன்றும் உயர்த்தவில்லை. இந்தக் கம்பெனியைச் சம்மதிக்க வைக்க எத்தனை மாதம் அலைந்தோம் என்பது உனக்குத் தெரியும் என்றார். இந்தக் கணக்கெடுப்பைக் காட்டித்தான் இந்த வட்டாரத்து முகாம்களில் வாய்ப் பரிசோதனைக்கென்று ஓர் அறை கேட்கப் போகிறோம். ஆட்கள் வராவிட்டால் அறையும் இல்லை. மாலைக்குள் அந்த மனிதரிடம் நானே பேசியிருப்பேன், ஒரு மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு, கதவைச் சாத்திக்கொண்டு. அவருக்கும் தெரிந்திருக்கும், மற்றவர்களும் இருந்திருப்பார்கள்.

“அவர் கேட்டார் சார்,” என்றாள் ஷம்சியா.

“இன்று அவருக்கு நீ டாக்டராக இருந்தாய். இந்த முகாமுக்கு யார் டாக்டர்?”

அவளுக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபமாக இருந்ததால் வேனில் ஏறியதும் கதவை வேண்டிய அளவுக்குமேல் ஓங்கிச் சாத்தினாள்.

ஷம்சியாவுக்கு ஓரிடத்தில் இருக்க முடியாது. சிறுமியாக இருந்தபோதே கீழக்கரையில் அவள் உம்மா, இவள் காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொல்வார். ஷார்ஜா கிளினிக்கில் வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச காலத்திலேயே அந்தச் சக்கரம் சுற்றத் தொடங்கிவிட்டது. கல்யாணத்துக்கு முன் பல்லை வெளுக்க வருகிறவர்கள், நல்ல பல்லை ராவி, அதன்மேல் ஒரே அளவில் வெள்ளை ஓடு பொருத்தித் தரக் கேட்கிறவர்கள். இன்று அடைத்த சொத்தை அடுத்த வருடம் பக்கத்துப் பல்லில் திறந்துகொண்டு வரும். அவள் மறுபடி அடைப்பாள். நாற்காலியில் வந்து உட்காராத வாய்கள் எத்தனை இருக்கின்றன, அவை எங்கே இருக்கின்றன என்ற கேள்வி ஒருநாள் அவளைப் பிடித்துக்கொண்டது. மேற்படிப்பில் சேர்ந்தாள். கிளினிக்கில் மாலை வேலை, பகலெல்லாம் வகுப்பும் களமும். ஆயிரம் பேரின் வாயை ஒரே வாயாகப் பார்க்கக் கற்றுத்தருகிறார்கள் என்று தோழிகளிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போது அந்த ஆயிரம் பேருக்கு நடுவிலிருந்து ஒருவர் கன்னத்தைப் பொத்திக்கொண்டு அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வாரம் எதுவும் ஓடவில்லை. காலையில் அஜ்மானிலிருந்து புறப்பட்டு, ஷார்ஜா நெரிசலில் வண்டி நகராமல் நிற்கும்போதெல்லாம் கைபேசியை எடுத்துப் பார்ப்பாள். பாலகுரு கூப்பிடவில்லை. அவர் எண்ணை வாங்காமல் போனோமே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். முகாம் பொறுப்பாளரிடம் கேட்டால் கம்பெனிக்குத் தெரிந்துவிடுமோ என்று அதுவும் செய்யவில்லை. கிளினிக்கில் ஒரு பெண்ணுக்கு மேல்தாடையில் போடவேண்டிய ஊசியைக் கீழ்த்தாடைக்குக் கொண்டுபோய், உதவியாளர் கையைத் தொட்டதால் தப்பினாள். வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்துபோய் ஜன்னல் திரையை விலக்குவாள். எதிரே இன்னொரு கட்டடத்தின் ஜன்னல்கள்தான் இருந்தன. மகள் அஃப்னா வீட்டுப்பாடத்திலிருந்து தலையை நிமிர்த்தாமல், “உம்மா, ஸ்டாப் ஷேக்கிங் த டேபிள்,” என்றாள். காலை ஆட்டிக்கொண்டிருப்பதே அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

கணவன் நுஃமான் அஜ்மான் கடைத்தெருவில் அத்தர்க் கடை வைத்திருந்தான். வருகிறவர் மணிக்கட்டில் ஒரு சொட்டு தடவிவிட்டு, அவர்களாகப் பேசட்டும் என்று காத்திருந்தே பழகியவன். இரண்டு நாள் அவளைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மூன்றாம் நாள் கேட்டான். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். பேராசிரியருக்கு எண்தான் பெரிது, மனுசன் பெரிதில்லை என்று முடித்தாள். அவன் அவள் பக்கம் பேசுவான் என்று நினைத்திருந்தாள்.

“நீ சொன்னது சரிதான் புள்ள,” என்றான் நுஃமான். “அம்புட்டுப் பேரையும் வச்சுக்கிட்டு ஏன் சொன்னே?”

“அவர் கேட்டாரு மச்சான்.”

“கேட்டாரு. வாங்கண்ணே, வெளிய போயிப் பேசுவோம்னு கூட்டிட்டுப் போயிருக்கலாம்ல?”

அவள் எழுந்து பாத்திரம் கழுவப் போனாள். கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினாள். அவன் சொன்னதில் இருந்த எளிமைதான் அவளைச் சுட்டது. உண்மையைச் சொல்வதா மறைப்பதா என்று இத்தனை நாள் தனக்குள்ளேயே வழக்காடிக்கொண்டிருந்தாள். நடந்த தவறு அதில் இல்லை. நான்கு அடி தள்ளி ஒரு கதவு இருந்தது. அந்தக் கதவு அவள் கண்ணில் படவே இல்லை. அன்று அந்த அறையில் அவளுக்கு விதியின்மேல் எரிச்சல் இருந்தது, எண்களையே சொல்லிச் சொல்லி அலுத்திருந்தது. எல்லோரும் கேட்கட்டும் என்றே சொன்னோமோ என்று தோன்றியபோது குழாயை மூடிவிட்டு ஈரக் கையோடு நின்றாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. நாற்காலிகளும் விளக்குகளும் போட்டாயிற்று. முகாமில் இருப்பவர்கள் குளித்துவிட்டு வெளியே வந்தார்கள், துணி காயப்போட்டார்கள், கடைக்குப் போனார்கள், ஊருக்கு வீடியோவில் பேசிக்கொண்டே பொழுதுபோக்கு அறையின் வாசலைக் கடந்தார்கள். உள்ளே யாரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. முகாம் பொறுப்பாளர் மலையாளி, நல்ல மனிதர். மைக்கில் இந்தியில் இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு வந்து சங்கடத்தோடு நின்றார். வாயைப் பார்க்கிற சாக்கில் நோயாளிகளைக் கண்டுபிடித்து டிக்கெட் போட்டு ஊருக்கு அனுப்பப்போகிறார்கள் என்று பேச்சாம். நெற்றியைச் சுளித்துப் பார்க்கிற மேடத்திடம் மட்டும் போகாதே, அவர் பார்த்தாலே நோய் என்று இன்னொரு பேச்சு. அதைச் சொல்லும்போது அவர் ஷம்சியாவின் நெற்றியைப் பார்க்காமலிருக்க மிகவும் பாடுபட்டார். ரிஷி சிரித்துவிட்டு உடனே மன்னிப்புக் கேட்டான். பேராசிரியர் ஈசா மதியம்வரை காத்திருந்தார். பிறகு, வேறொரு கம்பெனியின் முகாமை விசாரிக்கச் சொல்லியிருப்பதாகவும், இதை விட்டுவிடலாம் என்றும் சொன்னார். அவளுடைய ஆய்வு இந்த முகாமை வைத்துத்தான். வேறிடம் என்றால் எல்லா அனுமதியும் முதலிலிருந்து. ஒரு வருடம் போகும். ஆனால் அந்த நிமிடம் அவள் அதை நினைக்கவில்லை. முகாமை விட்டுப் போய்விட்டால் பாலகுருவை எங்கே பார்ப்பது என்றுதான் நினைத்தாள்.

“இன்னும் ஒரு ஞாயிறு கொடுங்கள் சார்.”

ஒன்றுதான் என்றார் அவர்.

கிளம்புவதற்கு முன் பொறுப்பாளரிடம், ஊர்க்காரர் ஒருவரைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொல்லி பாலகுருவைக் கூப்பிடச் சொன்னாள். பெண்கள் மாடிக்குப் போகமுடியாது என்பதால் உணவுக்கூடத்தில் காத்திருந்தாள். சாம்பார் வாடையும் ஃபினாயில் வாடையும் கலந்த நீண்ட கூடம். அவர் லுங்கியும் பனியனுமாக வந்து மேசையின் மறுபக்கம் உட்கார்ந்தார். தாடி வளர்ந்திருந்தது. பாக்கை விட்டுவிட்டதாக முதலில் சொன்னார், அதைக் கேட்கத்தான் அவள் வந்திருப்பதைப்போல.

பிறகு அவராகவே பேசினார். பெரம்பலூர்ப் பக்கம் ஊர். இங்கே வந்து பல வருடமாயிற்று. அவர் அறையில் ஐயப்பன் என்று ஒருவன் இருந்தானாம். வருடாந்தரப் பரிசோதனையில் நெஞ்சு எக்ஸ்ரேயில் ஏதோ தெரிந்தது என்று டூட்டியிலிருந்தே கூட்டிக்கொண்டு போனார்கள். அப்படியே ஊருக்கு விமானம் ஏற்றிவிட்டார்கள், அறைக்குத் திரும்பவே இல்லை. அவன் செருப்பு இன்னும் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது, யாரும் எடுத்துப் போட மனமில்லாமல். அதனால்தான் ஆட்கள் பயப்படுகிறார்கள் என்றார். தன்னைப் பற்றிச் சொல்லும்போது குரல் இன்னும் தாழ்ந்தது. அறையில் அவருடைய தம்ளரை இப்போது யாரும் தொடுவதில்லை. மேல்கட்டில்காரன் வேறு அறை கேட்டிருக்கிறான். இது ஒட்டுகிற நோய் இல்லை என்று தான் வந்து சொல்லட்டுமா என்று கேட்டாள் ஷம்சியா. வேண்டாம் என்று அவசரமாகக் கையசைத்தார்.

“அன்னைக்கு எல்லார் முன்னாலயும் சொல்லியிருக்கக் கூடாதுண்ணே. தனியாக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கணும். அது என் தப்புதான்.”

அவர் மேசைமேல் கிடந்த ஒரு சோற்றுப் பருக்கையை நகத்தால் தள்ளிக்கொண்டிருந்தார்.

“அந்த வார்த்தைய நீங்க சொல்லலீங்க மேடம். நான்தான் சொன்னேன்,” என்றார். “ரொம்ப நாளா எனக்குள்ள இருந்துச்சு. புண்ணு, புண்ணுன்னு நெனச்சுக்கிட்டே ஓட்டிட்டேன்.”

சமையற்கட்டில் யாரோ அண்டாவைக் கவிழ்த்தார்கள்.

“ஒண்ணு கேக்கறேன், மறைக்காமச் சொல்லுங்க. அதுதான்னு வந்துட்டா, என்னய இங்க வெச்சுப்பாங்களா? இல்ல அனுப்பிடுவாங்களா?”

டெஸ்ட் முடிவு கம்பெனிக்குப் போகாது, அது உறுதி. ஆனால் வைத்தியம் என்று தொடங்கினால் வாரக்கணக்கில் லீவு வேண்டும், முகம் காட்டிக்கொடுக்கும், அதற்குமேல் என்ன நடக்கும் என்பது அவள் கையில் இல்லை. பேராசிரியர் கையிலும் இல்லை. எல்லாம் சரியாகிவிடும் என்ற வாக்கியம் அவள் நாக்கின் நுனியில் இருந்தது. தினமும் கிளினிக்கில் ஊசி போடுவதற்கு முன் அவள் சொல்கிற வாக்கியம் அது.

“தெரியாதுண்ணே,” என்றாள்.

அவர் தலையை ஆட்டினார். டெஸ்டுக்கு வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. துணி ஊறப்போட்டிருக்கிறேன் என்று எழுந்து போனார்.

திரும்பும் வழியில் வேனில் பேராசிரியரிடம் எல்லாவற்றையும் சொன்னாள், நுஃமான் கேட்டதையும் சேர்த்து. அவர் நெடுஞ்சாலையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டு வந்தார். பாராட்டவும் இல்லை, பழையதைக் கிளறவும் இல்லை. பல்கலைக்கழக மருத்துவமனையில் தனக்குத் தெரிந்த வாய் அறுவை மருத்துவர் ஒருவர் இருப்பதாகவும், அந்த மனிதர் எந்த நாளில் வந்தாலும் பார்த்துவிடச் சொல்லி ஏற்பாடு செய்வதாகவும் சொன்னார். இறங்கும்போது மட்டும், “அவர் வந்தால்,” என்றார்.

அழைப்பு புதன்கிழமை வந்தது. கிளினிக்கில் வேறொருவருக்குப் பதிலாகப் பகல் வேலைக்கு வந்திருந்தாள். ஒரு பெரியவரின் வாய்க்குள் அவள் இரண்டு கையும் இருந்தன. மேசைமேல் கைபேசி அதிர்ந்து, நின்று, மறுபடி அதிர்ந்தது. பெரியவரை முடித்து அனுப்பிவிட்டு ஓடிப்போய் எடுத்தாள். தெரியாத எண்.

“மேடம், பாலகுரு பேசறேன். இந்த வாரம் எனக்கு நைட் டூட்டி. இப்ப வரலாமா?”

இப்போதா என்று கேட்க வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள். நாளை என்றால் இந்தக் குரல் இருக்காது. வெளியே கூடத்தில் நான்கைந்து பேர் காத்திருந்தார்கள். மேலாளரிடம் போய்க் குடும்பத்தில் ஓர் அவசரம் என்றாள். அவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, இந்த மாதத்தில் இது எத்தனையாவது அவசரம் என்று கேட்டார். திரும்பி வந்தபின் நாம் உட்கார்ந்து பேசவேண்டியிருக்கும் என்றும் சொன்னார். அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குப் புரிந்தது. வெள்ளைக் கோட்டைக் கழற்ற மறந்து வண்டியில் ஏறி, பாலம் தாண்டிய பிறகு சிக்னலில் நிற்கும்போது கழற்றிப் பின்சீட்டில் எறிந்தாள்.

பாலகுரு முகாமுக்கு வெளியே, பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தார். தாடியை மழித்திருந்தார். முன்சீட்டில் உட்காரத் தயங்கிப் பின்கதவைத் திறந்து, கோட்டைப் பார்த்து, அதை மடித்து ஓரமாக வைத்துவிட்டு உட்கார்ந்தார். மருத்துவமனை வரும்வரை ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், வலிக்குமா என்று. மரத்துப்போக ஊசி போடுவார்கள், அந்த ஊசி மட்டும் வலிக்கும் என்றாள்.

அறுவை மருத்துவர் அதிகம் பேசாதவர். கன்னத்தின் உட்புறத்திலிருந்து பருப்பளவு சதையை எடுத்து, புட்டியில் போட்டு மூடி, இரண்டு தையல் போட்டார். ஷம்சியா தலைமாட்டில் நின்று அவர் சொன்னவற்றைத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தாள். ஓர் இடத்தில் பாலகுருவின் கை காற்றில் எதையோ தேடியது. அவள் தன் கையைக் கொடுத்தாள். சரக்குப் பெட்டிகளைத் தூக்கித் தூக்கிக் காய்த்துப்போன அந்தக் கை அவள் விரல்களை நொறுக்கிவிடுவதுபோலப் பற்றியது. முடிந்ததும் யாரும் சொல்லாமலே விட்டுவிட்டது. முடிவு வரச் சில நாட்களாகும் என்றார் மருத்துவர். ஷம்சியா அவர் கண்களில் எதையாவது படிக்க முயன்றாள். அவர் கையுறையைக் கழற்றுவதில் மும்முரமாக இருந்தார். அவரும் ஒரு விதிக்குக் கட்டுப்பட்டவர்தான் என்று தோன்றியது.

திரும்பும்போது பாலகுரு முன்சீட்டில் உட்கார்ந்தார். கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவே பஞ்சு. சிறிது நேரம் பேசக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அவர் பேசாததால் அவள் பேசினாள். பஞ்சை எப்போது எடுப்பது, எதைச் சாப்பிடுவது, கொப்பளிக்கக்கூடாது, சூடாக எதுவும் வேண்டாம். சொன்னதையே மறுபடி சொன்னாள். முடிவு எதுவாக இருந்தாலும் முதலில் உங்களிடம்தான் சொல்வேன், தனியாகச் சொல்வேன் என்றாள். அப்படிச் சொன்னபோது அவர் ஜன்னல் பக்கமிருந்து திரும்பி அவளைப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை பற்றி அவளாக எடுக்கவில்லை. உங்கள் ஆட்களிடம் சொல்லிக் கூட்டிவாருங்கள் என்று கேட்டுவிடலாம்போல வாய் துறுதுறுத்தது. ஒவ்வொரு சிக்னலிலும் அந்த வார்த்தைகள் தொண்டைவரை வந்தன. கேட்டால் இந்தப் பயணம் வேறொன்றாகிவிடும் என்று விழுங்கிக்கொண்டாள். நடுவில் பேராசிரியரின் செய்தி வந்தது: சதை எடுத்தாயிற்றா, அவர் எப்படி இருக்கிறார். முகாமைப் பற்றி அதில் எதுவும் இல்லை.

முகாம் வாசலில் இறங்கியதும் அவர் கையெடுத்துக் கும்பிட்டார். அவளுக்கு என்ன செய்வதென்று தெரியாமல் தலையை மட்டும் அசைத்தாள். வண்டியைக் கிளப்பவில்லை. கிளினிக்கிலிருந்து அழைப்பு வந்தது, அதை எடுக்கவும் இல்லை.

கட்டடத்தின் வெளிப்புறத்தில் இரும்புப் படிக்கட்டு மடிந்து மடிந்து மேலே போயிற்று. இரவு டூட்டிக்காரர்கள் தூங்கி எழுந்திருந்தார்கள். பாலகுரு மெதுவாக ஏறினார். முதல் வளைவில் வாளியோடு இறங்கிய ஒருவர் அவரை நிறுத்தி ஏதோ கேட்டார். அவர் கன்னத்தைத் தொட்டுக்காட்டிவிட்டு, பேசமுடியாது என்று கையை அசைத்தார். வாளிக்காரர் கீழே இறங்காமல் அங்கேயே நின்றார். அடுத்த வளைவில் இரண்டு பேர். அங்கேயும் அதே கையசைப்பு. மூன்றாம் மாடி வராந்தாவுக்குப் போய்ச் சேர்ந்தவர் அறைக்குள் நுழையவில்லை. கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றி நின்றார். கதவுகள் திறந்தன. ஒருவர் வந்து அவரிடமிருந்து கொஞ்சம் தள்ளி நின்றார். இன்னொருவர் வந்து அவருக்கும் இவருக்கும் நடுவே நின்றார்.

வராந்தா நெடுக வேலைச் சட்டைகள் கொடியில் காய்ந்துகொண்டிருந்தன. கடற்பக்கமிருந்து காற்று அடித்தபோது அத்தனை சட்டைகளும் எழும்பி ஆட்களின் முகங்களை மறைத்தன. காற்று அடங்கியபோது முகங்கள் தெரிந்தன. மறுபடி மறைந்தன, மறுபடி தெரிந்தன. ஒவ்வொரு தடவையும் ஒருவர் கூடுதலாக நிற்பதுபோல அவளுக்குப் பட்டது. வண்டிக் கண்ணாடியை இறக்கிவிட்டு, வெயிலுக்குக் கையை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு, எத்தனை பேர் என்று எண்ணத் தொடங்கினாள். சட்டைகள் மீண்டும் எழும்பின.